காக்கை பீரும் ஒரு பிளாஸ்க் மூடியும்

காக்கை பீர் பாண்டிச்சேரிக்கு வந்த முதல் வாரத்தில் நாற்பதாயிரம் சண்டைகள் நடந்தன. நான் எண்ணினேன். எங்கள் தெருவில் மட்டும் எழுநூறு. தெருவில் இருப்பவை இருபத்திரண்டு வீடுகள்தானே என்று யாராவது கேட்டால், வாரத்துக்கு முப்பது சண்டைகூட நடக்காத வீடு ஒரு வீடா என்று திருப்பிக் கேட்பேன்.

மாடி வராந்தாவில் நாற்காலியைப் போட்டு, பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டு அத்தனையையும் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாள், முப்பத்தொரு வருடங்களுக்கு முன் தன் கல்யாணப் பந்தியில் நாத்தனார் தன் இலைக்கு மட்டும் வடை வைக்காமல் நகர்ந்ததை, நாத்தனார் கட்டியிருந்த புடவையின் கரை நிறத்தோடு சொல்லி, தெரு நடுவில் நின்று அழுதாள். நாத்தனாருக்கு இப்போது எழுபது வயது. காது மந்தம். "எந்த வடை? எந்த வடை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட அண்ணனும் தம்பியும் வாசலின் நடுவே செங்கல் அடுக்கினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, ஒரே கரணையை மாற்றி மாற்றி வாங்கி, கலவை பூசினார்கள். நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது.

"அடுத்தவன் குடி கெடறதுல அப்படி என்ன சந்தோஷம் உங்களுக்கு?" என்றாள் என் மனைவி கோமளா. "முதல்ல அந்த மூடியில டீ குடிக்கிறதை விடுங்க. எத்தனை தடவை சொல்றது."

அவள் அதை இருபத்திரண்டு வருடங்களாகச் சொல்கிறாள். நல்ல எவர்சில்வர் மூடி. 'வ. கோமளா' என்று பாத்திரக்கடையில் பெயர் வெட்டியது. பிளாஸ்க் எப்போதோ உடைந்துபோய்விட்டது. மூடிக்கு என்ன குறை?

என் பெயர் வரதராஜுலு. ஊருக்கு மேற்கே ஒரு பீர் ஆலை இருந்தது. அங்கே ஈஸ்ட் அறையில் முப்பத்துநான்கு வருடங்கள் இருந்தேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தைத் துப்பும். பீருக்கு உயிர் அதுதான். அந்த உயிரைக் குழாய்களில் அடைத்துக் குளிரில் வைத்துக் காப்பாற்றுபவன் ஈஸ்ட் அறைக்காரன். ஆலையில் முதலாளிக்கு அடுத்து நான்தான். முதலாளிக்கு மேல் என்றும் சொல்லலாம். அவருக்கு இது தெரியாது.

ஓய்வுபெற்ற பிறகு தெருவின் வாட்ஸ்அப் குழு என் வசம் வந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு இணையத்தில் மேய்ந்து ஐந்து அதிசயங்களைப் பொறுக்கிப் போடுவேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று படித்தால் ஒன்பது என்று போடுவேன். மூன்று என்றால் யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் செடி கஞ்சாவுக்குப் பங்காளி. காட்டு மரங்கள் வேரடியில் பூஞ்சைக் கம்பி போட்டு ஒன்றோடொன்று வம்பு பேசுகின்றன. வெளிநாட்டில் ஒரு உளவியல்காரர் மாணவர்களுக்குச் சாராயமே இல்லாத பானத்தைக் கொடுத்து, இது சரக்கு என்றாராம். அத்தனை பேரும் மேசைமேல் ஏறி ஆடினார்களாம். இப்படி.

ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து நிமிடத்துக்குள் ஒரே பதில் வரும்.

"ஆதாரம்?"

அனுப்புபவன் அருமைநாயகம். தெருக்கோடி வீடு. ஆறு வருடங்களாகத் தினமும் ஐந்து ஆதாரம். பண்டிகை நாளிலும் உண்டு. அவனுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த அன்று அவன் மகள் அவன் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "ஆதாரம்? (அப்பா கேட்கச் சொன்னார்)".

அருமைநாயகம் என் எதிரி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மனிதனுக்கு எழுபது வயதில் பல் போகலாம், தூக்கம் போகலாம், எதிரி மட்டும் போகக் கூடாது. அவன் அதே ஆலையில் பரிசோதனைக்கூடத்தில் கெமிஸ்டாக இருந்தவன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் திருட்டுப் பட்டத்தோடு வெளியேற்றப்பட்டான். அந்தக் கதையை இந்த ஊரில் ஒரு லட்சம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரும்புயல். ஊரில் கரண்ட் கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. ஆலையின் குளிர்சாதனம் செத்துவிட்டது. அந்தக் குழப்பத்தில் அருமைநாயகம் நம் ஆலையின் தாய் ஈஸ்ட், ஆறு குழாய், அத்தனையையும் ஒரு பிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். வேறு கம்பெனிக்கு விற்கத்தான். நான் விட்டேனா? மார்பளவு தண்ணீர். பதினொரு கிலோமீட்டர். கழுத்தில் ஒரு பாம்பு சுற்றிக்கொண்டது. நீயும் வா என்று கூட்டிக்கொண்டு போனேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஐஸ் ஃபேக்டரி வாசலில் அவனைப் பிடித்து, பிளாஸ்க்கைப் பிடுங்கி, தலைமேல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஈஸ்ட் பிழைத்தது. ஆலை பிழைத்தது. அன்றிலிருந்து அவனுக்குத் தெருவில் 'பிளாஸ்க்' என்று பெயர். வைத்தவன் நான். அவன் வீட்டில் டியூஷன் படித்த பிள்ளைகள்கூட 'பிளாஸ்க் சார்' என்றுதான் சொல்லும்.

இந்த இடத்தில் ஊர் வழக்கமாகக் கைதட்டும்.

*

ஆலை மூடிய பிறகு அந்த ஈஸ்ட் அரசாங்கத்தின் கிருமிச் சேமிப்பகத்துக்குப் போனது. அங்கிருந்து அதை வாங்கி வந்தவள் செலின். அருமைநாயகத்தின் மகள். வெளிநாட்டில் மூளை ஆராய்ச்சி படித்துவிட்டு வந்தவள். கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன பீர்க்கூடம் வைத்திருந்தாள். எதிரியின் மகள் கடை என்றாலும் என் ஈஸ்ட் ஆயிற்றே. போனேன்.

கவுண்டரில் பீர் ஊற்ற இரண்டு குழாய்கள். ஒன்றின்மேல் காக்கைப் படம். இன்னொன்றில் எதுவும் இல்லை. சுவரில் ஒரு போர்டு: கர்ப்பிணிகளுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் காக்கை ஊற்றப்பட மாட்டாது. போர்டை முழுவதும் படித்தேன். போர்டுகள் எப்போதும் மற்றவர்களுக்காக எழுதப்படுபவை.

"அப்பிடி என்னம்மா கலக்குற இதுல?" என்றேன்.

"கலக்கலை அங்கிள். காக்காய்க்குக் கெடுதல் பண்ணின முகம் மறக்காது. பத்து வருஷம் ஆனாலும் அந்த ஆளைப் பாத்தா கத்தும், கொத்த வரும்."

"நானே போட்டிருக்கேனே குழுவுல! எண்பது வருஷம்னு போட்டேன்."

"அப்பா ஆதாரம் கேட்டார்," என்றாள் சிரிக்காமல். "அதுங்க மூளையில ஒரு புரதம் அந்த ஞாபகத்தை அழியவிடாமப் பிடிச்சு வைக்குது. அதுக்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள்ள வெச்சோம். ஈஸ்ட் சாராயத்தோட சேர்த்து அதையும் துப்புது. மறதி நோய்க்காரங்களுக்காகத்தான் ஆரம்பிச்சது. பேரப்பிள்ளை முகமாவது ஞாபகம் வரும்னு நெனச்சோம்."

"வந்துதா?"

"வரலை. தொண்ணூறு வயசுப் பாட்டி ஒருத்தங்க, பெத்த பிள்ளை பேரு தெரியாது, ரெண்டு மடக்கு குடிச்சுட்டு, ஏழு வயசுல தன் பாவாடையைக் கிழிச்ச பொண்ணோட பேரு, தெரு, அன்னைக்கு என்ன கிழமை எல்லாம் சொன்னாங்க. மூணு மணி நேரம். எதுவும் கூடாது, குறையாது. ஆனா ஒண்ணு, தனக்கு அடுத்தவங்க செஞ்ச கெடுதல் மட்டும்தான். தான் செஞ்சது வராது. காக்காய்க்கு மனசாட்சி கிடையாதுல்ல?"

"பிரமாதமான பறவை," என்றேன்.

"நோயாளிங்களுக்கு வேணாம்னு விட்டோம். பங்குதாரர் கேக்கலை. சனங்களுக்கு இதுதான் வேணுமாம். வாசல்ல வரிசையைப் பாருங்க."

வரிசை கலங்கரை விளக்கம் வரை நின்றது. ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு ஆவல்: இன்றைக்கு யாரை வெறுக்கப் போகிறோம்?

மூன்று மாதத்தில் ஊர் மாறிவிட்டது. கல்யாண மண்டபங்களில் வாசலில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதும் முன் கேட்கும் முதல் கேள்வி, "காக்கை குடிச்சியா?" என்பதுதான். குடித்தேன் என்றால் மரியாதை. காக்கை குடித்தவன் வாக்கு பொய்யாகாது என்று ஆகிவிட்டது. வீட்டுத் தகராறு, வேலைத் தகராறு, எல்லாவற்றுக்கும் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துக் கோப்பையை நீட்டினார்கள். தீர்ந்ததா என்றால் தீரவில்லை. இருவருக்குமே நியாயம் இருந்தது. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். உண்மையைச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பதினேழு வீட்டார் அடுத்த வீட்டுக்குப் பாத்திரம் கொடுத்தனுப்பவில்லை.

நான் அதையும் குழுவில் போட்டேன். முப்பத்தேழு என்று. "ஆதாரம்?" வந்தது.

*

எங்கள் ஆலை ஓய்வுபெற்றோர் சங்கத்தின் செயலாளர் கலியபெருமாள். கொதிகலன் பிரிவில் இருந்தவர்; எங்கள் தெருக்காரர்தான். இன்னும் கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்பதுபோலத்தான் பேசுவார்.

"யோவ் வரதராஜுலு! ஊரெல்லாம் நம்ம ஈஸ்ட் பேச்சுதான்யா! அதைக் காப்பாத்துன உனக்கு ஆண்டுக் கூட்டத்துல பொன்னாடை! அந்தப் பொண்ணு செலின் ரெண்டு பீப்பாய் கொண்டாறேன்னுது. மேடையில ஒரு கிளாஸ் காக்கை குடிச்சிட்டு அந்தப் புயல் கதையைச் சொல்லணுமாம்!"

"அருமைநாயகம் பொண்ணா சொல்லிச்சு?"

"அவனும் வரானாம். பின்வரிசையில உக்காந்து கேக்கணுமாம். வரட்டும்யா, ஒரு தடவை நல்லாக் கேட்டுட்டுப் போவட்டும்!"

எங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் உறுப்பினர் எல்லோர் பெயரையும் சத்தமாக வாசிப்போம். உயிரோடு இருப்பவன் "உள்ளேன்" என்பான். செத்தவன் பெயரை வாசித்துவிட்டு ஒரு நொடி நிறுத்துவோம். அருமைநாயகம் பெயரை வாசிப்பதில்லை. இருபத்திரண்டு வருடங்களாக அது பட்டியலில் இல்லை. செத்தவர்களுக்கு இருக்கும் இடம்கூட அவனுக்கு இல்லை. அந்தப் பெயரை அடிக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவனும் நான்தான்.

கோமளா சொன்னாள்: "வேணாம். உடம்புக்கு ஆகலைன்னு சொல்லிடுங்க."

"ஏன்? காக்கைக்குத் தனக்கு நடந்தது மட்டும்தான் ஞாபகம் வரும். எனக்கு நடந்ததை நான் சொல்றதுல என்ன பயம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் அப்படி என்னை நாலு தடவை பார்த்திருப்பாள். "உங்களுக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. மண்டபத்தில் ஐயாயிரம் பேர்; நாற்காலிகள் நூற்றிருபது. கடைசி வரிசையில் ஓரமாக அருமைநாயகம். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தான். பட்டியலை வாசித்தார்கள். அ வரிசையில் அந்த இடம் வந்தபோது கலியபெருமாள் வேண்டுமென்றே இருமினார். சிலர் சிரித்தார்கள். நானும்.

பொன்னாடை போர்த்தினார்கள். செலின் கீழே பீப்பாய்ப் பக்கம் குனிந்து ஒரு கோப்பையை நிரப்பி, மேடையேறி வந்து கொடுத்தாள். ஆலை நாட்களில் ஒரு வழக்கம் உண்டு: ஈஸ்ட் அறைக்காரன் முதல் கோப்பையை முகர்ந்து, "உயிரோட இருக்கு" என்று சொன்னால்தான் மற்றவர்கள் தொடலாம். முகர்ந்தேன். முப்பத்துநான்கு வருட மூக்கு.

"உயிரோட இருக்கு!" என்றேன் மைக்கில். "காக்கை வாசம் குப்புனு அடிக்குது!"

கைதட்டல். ஒரே மூச்சில் குடித்தேன். கதையைத் தொடங்கினேன்.

"மார்பளவு தண்ணி," என்றேன்.

அப்போது கடைசி வரிசையில் அந்தக் கழுத்துப் பொத்தான் தெரிந்தது. அந்தப் புயல் காலையிலும் அவன் அப்படித்தான் பொத்தானைப் போட்டிருந்தான்.

"இல்ல, இடுப்பளவு," என்றேன்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பாம்பு வர வேண்டிய இடம். பாம்பு வரவில்லை. வாய் வேறு எதையோ சொன்னது.

"கணுக்கால் அளவு. நான் நடக்கவே இல்ல. ஜீப்புல போனேன். மேனேஜர் பக்கத்துல உக்காந்து போனேன்."

மைக் ஒரு மாதிரி ஊளையிட்டது. யாரோ அதைச் சரிசெய்தார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்று அன்று நினைத்தேன்.

"கரண்ட் போயி ரெண்டாவது நாள். ஈஸ்ட் செத்துடும்னு அருமைதான் மொதல்ல சொன்னான். துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில ஜெனரேட்டர் ஓடுது, அங்க கொண்டுபோயி ஐஸுக்குள்ள பொதைச்சு வைக்கலாம்னான். கொண்டுபோறதுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் என் சாப்பாட்டுப் பையில இருந்த பிளாஸ்க்கைக் காலி பண்ணிக் குடுத்தேன். போ, கேட்டுல நான் சொல்லிக்கிறேன்னேன். அவன் நடந்து போனான். மேனேஜர் வந்து ஈஸ்ட் எங்கடான்னு கத்துனாரு. பர்மிஷன் இல்லாம வெளிய விட்டவன் வீட்டுக்குப் போவலாம்னாரு. நான் எனக்குத் தெரியாது சார்னு சொன்னேன்."

கலியபெருமாள் மைக்குக்குக் கை நீட்டினார்; நான் விடவில்லை.

"விசாரணையில அவன் அந்த மூடியைக் காட்டினான். கோமளா பேரு வெட்டியிருக்குது பாருங்க, இவருதான் குடுத்தாருன்னான். அதுவும் எங்க வூட்டுல திருடினதுதான்னு நான் சொன்னேன். கோமளாவைக் கூப்ட்டு, ஆமாம், காணாமப் போச்சுன்னு சொல்ல வெச்சேன். மூடியைத் திருட்டுப் பொருள்னு என்கிட்டத் திருப்பிக் குடுத்தாங்க. அதுல தினம் டீ குடிக்கிறேன்."

முதல் வரிசையில் எவனோ, "அடச்சீ!" என்றான். இன்னொருவன், "பொய்யிடா! பீரு தலைக்கேறிடுச்சு!" என்றான். ஒரு நாற்காலி விழுந்தது. கலியபெருமாள் என் தோளிலிருந்து பொன்னாடையை உருவுவதா வேண்டாமா என்று அதன் நுனியைப் பிடித்தபடி நின்றார். கோமளா எழுந்து வெளியே போனாள்.

கடைசி வரிசையில் அருமைநாயகம் மெதுவாக எழுந்தான். கூட்டம் அடங்கியது. கட்டிப்பிடிப்பான் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அடிப்பான் என்று நான் எதிர்பார்த்தேன்.

"நல்லா சொன்ன வரதா," என்றான். "ஆதாரம்?"

கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு போய்விட்டான்.

*

மறுநாள் காலை செலின் கடைக்குப் போய்க் கத்தினேன்.

"உன் பீரு கோளாறும்மா! எனக்கு நடந்த கெடுதல்தான ஞாபகம் வரணும்? நான் செஞ்சது எப்படி வந்துச்சு? நீதான சொன்ன, காக்காய்க்கு மனசாட்சி கிடையாதுன்னு! தப்பான சரக்கைக் குடுத்து என்னை என்னென்னவோ பேச வெச்சுட்ட. சங்கத்துக்கு எழுதிக் குடு, அந்தக் கோப்பை பழுதுன்னு."

அவள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"கோப்பை பழுதில்லை அங்கிள். உங்களுக்கு ஊத்தினது காக்கையே இல்ல."

"என்னது?"

"பிரஷர் மாத்திரை போடறீங்கன்னு ஆன்ட்டி போன் பண்ணிச் சொன்னாங்க. போர்டைப் பாக்கலையா? நான் ரெண்டாவது பீப்பாய்லேருந்து ஊத்தினேன். வெறும் பீர்."

"வாசம் அடிச்சுதே!"

"சரக்குன்னு சொல்லி வெறும் தண்ணியைக் குடுத்தா மேசைமேல ஏறி ஆடுவாங்கன்னு நீங்கதான குழுவுல போட்டீங்க?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "திட்டம் போட்டுப் பண்ணினியா?"

"முன்னாடியே சொல்லியிருந்தா எந்தக் கதையைச் சொல்லியிருப்பீங்க?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "கலியபெருமாள் சாரும் காலையில போன் பண்ணினார். என்ன ஊத்தினேன்னு கேட்டார். பொய் சொல்ல முடியாது, சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

கைபேசியைத் திறந்தேன். கலியபெருமாள் குழுவில் போட்டிருந்தார்: 'நேற்று வரதராஜுலு குடித்தது சாதாரண பீர் என்று உறுதியாகிவிட்டது. எனவே அவர் பேசியது சாட்சியம் ஆகாது. வழக்கமான வரதராஜுலு கதைகளில் ஒன்றாகக் கருதப்படும். பட்டியலில் மாற்றம் இல்லை.' கீழே முப்பது பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். ஒருவன் எழுதியிருந்தான்: 'பாம்பு இல்லாத கதையை நாங்க நம்பமாட்டோம்'.

நான் தப்பித்துவிட்டேன். அதுதான் நிலைமை. நடந்ததை நடந்தபடி ஒரே ஒரு தடவை சொன்னேன். ஊர் அதைப் புளுகு என்று தள்ளிவிட்டது. நான் சும்மா இருந்தால் போதும்.

"அப்பாவும் குடிச்சார்," என்றாள் செலின். "நெஜக் காக்கை. கடை திறந்த முதல் நாள். வேலை போனது, பேரு கெட்டது, அதெல்லாம் ஒண்ணும் சொல்லலை. மூணு மணி நேரமும் ஒரே காட்சி. மேனேஜர் ஜீப்புல நீங்க ஐஸ் ஃபேக்டரிக்கு வந்து எறங்குறீங்க. ஈஸ்ட்டு வெளிய போனது உனக்குத் தெரியுமான்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் மறுபடி கேக்கறார். உங்க வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள இருக்குது. மஞ்சளா ஒரு முனை வெளிய தெரியுது. அந்தக் கையை எடுக்காமயே தெரியாதுன்னு சொல்றீங்க. அவ்வளவுதான் அவருக்கு வந்துச்சு. திரும்பத் திரும்ப."

கைபேசியைப் பாக்கெட்டில் போட்டேன்.

"அந்தப் பாக்கெட்டுல என்ன இருந்துச்சு அங்கிள்?"

*

வீட்டுக்கு வந்தேன். கோமளா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள்.

"போன் பண்ணினியாமே," என்றேன்.

"பண்ணினேன்."

"வெறும் பீர்னு தெரிஞ்சும் முன்வரிசையில உக்காந்திருந்தியா?"

"என்ன சொல்லப்போறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். அன்னைக்கு அந்த ஆபீசர் முன்னாடி நீங்க சொல்லச் சொன்னதை நான் சொன்னேனே, அதுக்கப்புறம் அவங்க வீடு இருக்கிற தெருக்கோடி வழியா நான் ஒரு நாள் நடந்திருக்கேனா? அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் கவனித்ததில்லை.

அலமாரியின் மேல் தட்டிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். பணிச் சான்றிதழ், அடையாள அட்டை, பிரிவு உபசாரப் படம். அடியில் ஒரு உறை. உறைக்குள் மஞ்சள் சீட்டு.

கேட் பாஸ். பிளாஸ்க் ஒன்று. குழாய் ஆறு. கொண்டு செல்பவர் அருமைநாயகம். நேரம் பத்து நாற்பது. அனுமதித்தவர்: என் கையெழுத்து. பொய் இல்லை, எனக்கு அழகான கையெழுத்து. அன்று அவன் கண்ணெதிரில் எழுதினேன். பள்ளத்தில் இருந்த கேட் அறைக்குள் தண்ணீர் ஏறி, வாட்ச்மேன் மேட்டுக்குப் போய்விட்டதால், நானே அப்புறம் கொடுத்துவிடுகிறேன் என்று பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். மேனேஜர் கத்தியபோது அது என் விரல்களுக்கு நடுவே இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் ஒரு வேலை போயிருக்கும். என்னுடையது. அடுத்த நாள் கேட் பாஸ் புத்தகத்திலிருந்து அடிக்கட்டையையும் கிழித்தேன். சீட்டை மட்டும் கிழிக்கவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மேடையில் எல்லாவற்றையும் கொட்டியபோதும் இந்தச் சீட்டை மட்டும் நான் சொல்லவில்லை. காக்கை குடித்தவனுக்குத் தான் செய்தது வராது; நான் சொன்னதும் நானாகச் சொன்னது, சொல்லாமல் விட்டதும் நானாக விட்டது என்று மாத்திரையைப் பற்றித் தெரியாமலே அருமைநாயகம் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கோமளா என் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டைப் படித்தாள். இது அவளுக்கும் புதிது. மேசைமேல் இருந்த பிளாஸ்க் மூடியை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அதை நான் பார்க்கவில்லை.

சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தேன். தேதியும் நேரமும் கையெழுத்தும் தெளிவாக விழும்வரை மூன்று முறை எடுத்தேன். குழுவில் போட்டேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். குழுவில் அறுபத்துநான்கு பேர். ஐம்பத்தொன்பது பேர் பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது. சிரிக்கும் முகம் யாரும் போடவில்லை. கலியபெருமாள் எதையோ தட்டச்சு செய்தார், நிறுத்தினார், மறுபடி செய்தார், நிறுத்தினார்.

நான்காவது நிமிடம் அருமைநாயகம் பார்த்தான். அவன் பெயருக்குக் கீழே 'தட்டச்சு செய்கிறார்' என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஐந்தாவது நிமிடம் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

'அருமைநாயகம் குழுவிலிருந்து வெளியேறினார்.'

ஆறு வருடங்களாக அவன் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஆக்டோபஸைப் பற்றி அல்ல.